புரொஜெக்டரைப் பற்றி நான் எழுதிய செய்தி

எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்கு மீன்களைப் பற்றிய படம் ஒன்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு சின்னப் புரொஜெக்டர் வாங்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

பத்திரிகையில் சிறுவர் பக்கம் எழுதியே தலை நரைத்தவன் நான். திமிங்கிலம் மீன் இல்லை என்பதைக்கூடப் புத்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். ஆகவே விசாரித்து வாங்குவோம் என்று எங்கள் ஊர்த் தொழில்நுட்பக் குழு ஒன்றில் இணையத்தில் சேர்ந்தேன். முதல் விதி பெரிய எழுத்தில் இருந்தது: இங்கே விளம்பரத்துக்கு இடமில்லை.

நிம்மதியாக இருந்தது.

அன்றே ஒரு செய்தி வந்தது. உள்ளங்கையளவு புரொஜெக்டர் ஒன்று உலகையே திகைக்க வைத்திருக்கிறதாம். அடியில் குழுவின் அட்மின் ரமணனின் கடைத் தொலைபேசி இலக்கம். பாலையூற்றில் போன் கடை வைத்திருப்பவர். மேலதிக செய்திகளுக்காக்கும் என்று நினைத்தேன். வாங்கினேன்.

எங்கள் மண்டபத்து யன்னல்கள் துறைமுகத்தைப் பார்த்தவை. சீலை போட்டு மறைத்தாலும் கடல் வெளிச்சம் உள்ளே வந்துவிடும். படத்தைப் போட்டேன். பிள்ளைகள் பொறுமையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு சின்னவள் கேட்டாள்:

"அங்கிள், எப்ப தொடங்குவீங்கள்?"

படம் முடிந்து கொஞ்ச நேரமாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்தச் செய்தியின் கீழே குறிஞ்சாக்கேணி பசீலா டீச்சர் என்று ஒருவர், தன் பாலர் பாடசாலைக்கு இது சரிவருமா என்று கேட்டிருந்தார். பெற்றோர் சேர்த்துக் கொடுத்த காசாம். பாவம். நடந்ததை ஒழுங்காக எழுதி, தயவுசெய்து வாங்க வேண்டாம் என்று முடித்தேன். உடனே காணாமல் போனது. திரும்ப எழுதினேன். திரும்பவும் போனது.

ரமணனுக்குப் போன் எடுத்தேன்.

"சேர், உங்கட பதிவு விளம்பரமாப் போச்சுது" என்றார்.

நான் எதை விற்கிறேன் என்று கேட்டேன்.

"நீங்கள் விக்கேல்லை, ஓம். ஆனா இதை வாங்காதீங்கோ எண்டு சொன்னால் அது மற்றக் கடைக்காரருக்கு விளம்பரம்தானே? அப்பிடிப் போட ஏலாது. செய்தியா எழுதித் தாங்கோ, போடுறன்."

செய்திதானே, எனக்கு வராததா? மிகக் கவனமாக எழுதிக் கொடுத்தேன்: "துறைமுகத்தடி மண்டபத்தில் புதிய புரொஜெக்டரில் பிள்ளைகளுக்குப் படம் காட்டப்பட்டது. பிள்ளைகள் சுவரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒன்றும் தெரியாதபடியால், படம் முடிந்ததைக்கூட அவர்கள் அறியவில்லை."

ரமணன் இரண்டே சொற்களைத்தான் வெட்டினார். "ஒன்றும் தெரியாதபடியால்" என்பது என் சொந்தக் கருத்தாம். செய்தியில் சொந்தக் கருத்து வரக்கூடாதாம்.

மிச்சத்தை என் பெயரோடு குழுவின் உச்சியில் குத்திவைத்தார்.

அடுத்த நாள் அதன் கீழே பசீலா டீச்சர் எழுதியிருந்தார்: "நான் சின்ன வயசில உங்கட சிறுவர் பக்கம் வாசிச்சனான் சேர். நீங்க சொன்னா நம்பலாம்தானே, வாங்கிட்டேன். புதன்கிழமை பிள்ளைகளுக்குப் படம்."

வெகுநேரம் யோசித்து, உதவியாக ஒரு வரி மட்டும் எழுதினேன்: "யன்னல் இல்லாத அறை ஏதும் இருக்கோ டீச்சர்?"

அதையும் அழித்துவிட்டார்கள். வாடகை அறை விளம்பரமாம்.