முன்வாசல் வழியாகப் போன குப்பை

பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு ஒரு திங்கட்கிழமை காலை தனபாலனிடம் வந்து சேர்ந்தது. மலாக்காவில், பாயா ரும்புட்டில் உள்ள பெரிய பேரங்காடி ஒன்றின் கிளை நிர்வாகி அவர். மீன் பகுதியில் ஐஸ் உருகாமல் காப்பதே அதுவரை அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. இப்போது வடதுருவத்து ஐஸும் அவர் தலையில் விழுந்தது.

கோலாலம்பூர் தலைமையகத்தின் ஆணை சுருக்கமாக இருந்தது. நிறுவனத்தின் மாபெரும் பசுமைப் பயணத்தில் ஒவ்வொரு கிளையும் பூஜ்யக் குப்பை நிலையை எய்த வேண்டும். எய்தத் தவறும் நிர்வாகி சரவாக்கிலுள்ள லிம்பாங் கிளைக்கு மாற்றப்படுவார் என்பதையும் கடைசி வரியில் அன்போடு தெரிவித்திருந்தார்கள். தனபாலன் டுரியான் துங்காலில் வாங்கிய வீட்டுக்கு அப்போதுதான் சாயம் அடித்து முடித்திருந்தார். மகளுக்கு அந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம். கடல் தாண்டிப் போய்க் குடித்தனம் நடத்த அவருக்குக் கொஞ்சமும் மனமில்லை.

ஆணைக்குப் பின்னாலேயே ஒரு தராசும் வந்தது. கடையின் பின்வாசலில் குப்பைத் தொட்டிக்கு அடியில் அதைப் பொருத்தினார்கள். தொட்டியில் எது விழுந்தாலும் எடை அந்தக் கணமே கோலாலம்பூரில் தெரிந்துவிடும். முதல் நாள் யாரோ எறிந்த வாழைப்பழத் தோலுக்கே விளக்கம் கேட்டுத் தொலைபேசி அடித்தது.

தனபாலன் ஊழியர்களைக் கூட்டினார். வேலை முடிந்து போகும்போது ஆளுக்கொரு மூட்டை குப்பையை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும், இது பூமிக்கு நாம் ஆற்றும் தொண்டு என்றார். தொண்டு ஒரு வாரம் நடந்தது. பெம்பானிலுள்ள வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போன ஊழியரின் மூட்டை சாலையில் அவிழ்ந்து போலீஸ் பிடித்தது. மற்றவர்களை அவரவர் தாமானில் குடியிருந்த அக்கம்பக்கத்தார் பிடித்துக்கொண்டார்கள்.

"பாஸ், இனிமே யாரும் மூட்ட தூக்க மாட்டோம்லா," என்றாள் வாடிக்கையாளர் சேவை முகப்பைக் கவனிக்கும் புனிதா. "எங்க வீட்டுக் குப்பத் தோங்கே நெறஞ்சி வழியுது."

"அப்ப இதெல்லாம் எங்கம்மா போவும்?"

"பின்வாசல்ல போனாத்தானே தராசு காட்டும்? முன்வாசல்ல அனுப்புங்க."

அவள் எரிச்சலில் சொன்னாள். தனபாலனோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பின்வாசல் வழியாக வெளியேறுவது குப்பை, முன்வாசல் வழியாக வெளியேறுவது சரக்கு. சில்லறை வணிகம் தோன்றிய நாளிலிருந்து யாரும் மறுக்காத உண்மை அது.

மறுநாளே அட்டையும் பிளாஸ்டிக்கும் பழப்பெட்டிப் பஞ்சும் அழகிய பச்சைப் பைகளில் ஏறின. பைகள் வெளிநாட்டிலிருந்து தனித்தனி பிளாஸ்டிக் உறை போட்டு வந்திருந்தன. அந்த உறைகளையும் உள்ளேயே திணித்தார்கள். வெளியே "கிரீன் கிஃப்ட்" என்று எழுதி ரிப்பன் கட்டினார்கள்.

முகப்பில் நின்ற தனபாலனிடம் முதல் பையை விசாரித்தவர் காளியம்மா. அங்காடியில் எதையும் மூன்று தடவை விலை கேட்காமல் வாங்காதவர்.

"உள்ள என்னா தம்பி?"

"அட்டை, பிளாஸ்டிக், பஞ்சு. எல்லாம் கலந்து இருக்குக்கா."

"சும்மாவா?"

"அம்பது வெள்ளிக்கு மேல சாமான் வாங்குனா மட்டும்."

"அப்ப அம்பது வர்ற மாதிரி இன்னொரு மைலோ டின் போடு."

அவ்வளவுதான், மலாக்காவுக்கே பித்துப் பிடித்தது. இலவசம் என்றால் நம் சனம் என்ன ஏதென்று கேட்குமா? கடை திறக்கும் முன்பே வரிசை கார் நிறுத்துமிடம் வரை நீண்டது. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கே கிரீன் கிஃப்டை வைத்துக் கொடுத்தார்களாம். தனபாலனின் மனைவி தேவிஸ்ரீயும் வரிசையில் நின்று வாங்கி வந்து, கண்ணாடி அலமாரியில் பைகளை அடுக்கினாள். உள்ளே இருப்பது என்னவென்று கணவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்ங்க. ஆனா எதிர்வீட்டுக்காரி நாலு வச்சிருக்காளே," என்றாள் அவள்.

தலைமையகத்தின் நிலைத்தன்மை அதிகாரி கவிநேசன் நேரில் பார்வையிட வந்தார். திரும்பி ஏறும்போது குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லி, காரின் எஞ்சினை அணைக்காமல் விட்டு இறங்கினார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"வெரி குட், மிஸ்டர் தனபாலன். வரலாற்றுச் சாதனை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வைஃப் சொல்லி அனுப்பிச்சாங்க. அந்த கிரீன் கிஃப்ட் வேணுமாம். அவங்க அக்காவுக்கும் ஒண்ணு. டைரக்டர் வீட்டுக்கும் ஒண்ணு."

"முடிஞ்சிருச்சு சார். குப்பையே இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணு இருந்தா பூஜ்யம் ஆவாதே சார்."

கவிநேசன் கூரையைப் பார்த்தார். "லிம்பாங்ல காத்து ரொம்ப சுத்தமாம்," என்றார்.

தனபாலன் கைப்பேசியை எடுத்தார். ஓரமாகப் போய் மனைவியை அழைத்து, அலமாரியிலிருந்து மூன்று பைகளை உடனே கொண்டுவரச் சொன்னார்.

"வெயில்ல நின்னது நானா, ஒங்க ஆபீசரா?" என்றாள் தேவிஸ்ரீ. "வேணும்னா அவர வந்து வரிசையில நிக்கச் சொல்லுங்க."

வேறு வழியில்லை. அன்று காலை வந்திறங்கிய ஆப்பிள் பெட்டிகளைத் தனபாலனும் புனிதாவும் கிழித்தார்கள். அட்டை, உறை, பஞ்சு எல்லாவற்றையும் உரித்து மூன்று பைகளை நிரப்பினார்கள். கவிநேசன் அவற்றைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். தனபாலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆப்பிள்கள் மட்டும் அம்மணமாகக் கிடந்தன. விலைக்குறி உறையோடு போய்விட்டதால் கணினிக்கு அவற்றை அடையாளம் தெரியவில்லை, விற்கவும் வழியில்லை.

"நாமளே தின்னுடலாமா பாஸ்?"

"ஊழியர் தின்னா அது திருட்டும்மா."

ஆகவே மறுநாள் கிரீன் கிஃப்டில் ஆப்பிள்தான் போனது. பத்து மணிக்குள் காளியம்மா திரும்பி வந்து பையை முகப்பில் தனபாலன் முன்னால் போட்டார்.

"என்னா தம்பி இது?"

"ஆப்பிள்க்கா. நல்ல ஆப்பிள்."

"ஆப்பிள எனக்குத் தெரியாதா? போன வாரம் எல்லாருக்கும் அட்டையும் பஞ்சும் குடுத்தீங்க. இன்னிக்கு எங்களுக்கு மட்டும் வெறும் ஆப்பிளா? ஏமாந்த ஆளுன்னு நெனப்பா?"

அவருக்குப் பின்னால் ஆப்பிளும் கையுமாக ஒரு கூட்டமே கொதித்துக்கொண்டு நின்றது. வாடிக்கையாளர் திருப்பித் தந்தால் வாங்கியாக வேண்டும், திரும்பி வந்த உணவுப் பொருளை மறுபடி யாருக்கும் தரக்கூடாது. இரண்டுமே நிறுவனத்தின் விதிகள். தனபாலன் தாமே ஆப்பிள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்வாசலுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினார். கடைசி ஆப்பிள் விழுந்து அடங்குவதற்குள் தொலைபேசி அடித்தது.

"நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டேன், மிஸ்டர் தனபாலன்," என்றார் கவிநேசன். "ஆனா இவ்வளவு எடை காட்டுதே. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே."

தனபாலன் வீட்டுக்குப் போனார். புதுச் சாயம் அடித்த சுவரைத் தடவிப் பார்த்தார். மாற்றல் செய்தியைச் சொல்லிவிட்டு, "அன்னிக்கு நீ மூணே மூணு பை குடுத்திருந்தா இந்த வீட்ட விட்டுப் போயிருக்க வேணாம்," என்றார்.

தேவிஸ்ரீயின் கண்கள் கலங்கின. கண்ணாடி அலமாரியைத் திறந்து பச்சைப் பைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"ஏங்க, பிளேன்ல தலைக்கு எத்தன கிலோ விடுவாங்க?"