ஊதாத கேத்தில்

மனைவி பேசும்போது காதைப் பொத்திக்கொண்ட கணவன்மார் உலகத்தில் எத்தனையோ பேர். பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தவர்கள் அதைவிட அதிகம். ஆனால் பேசிக்கொண்டிருக்கும் மனைவியை விசில் ஊதி பஸ்ஸோடு அனுப்பிவைத்தவர் ஒரேயொருவர்தான். அவர் குறிகட்டுவானில் இருக்கிறார். பெயர் விசிலண்ணை. அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். மூன்று வருடம் பழகியும் எனக்கு அது தெரியவரவில்லை.

நயினாதீவில் ஒரு அரசாங்கக் கந்தோரில் அப்போது எனக்கு வேலை. காலையில் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கி, அங்கிருந்து படகில் போக வேண்டும். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு சுவர் மணிக்கூடு, ஒரு பிளக் பொயின்ற், விசிலண்ணை. பஸ் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் கொப்பியில் எழுதுவது அவருடைய உத்தியோகம். விசில் ஊதுவது உத்தியோகத்தில் இல்லை. அது அவராகவே வாங்கி, கழுத்தில் மாட்டி, தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பதவி உயர்வு.

அவர் ஊதினால் பஸ் போய்விட வேண்டும். ஓடி வருகிறவர் யார் எவர் என்ற கதையே இல்லை. ஒருநாள் கலியாணம் முடித்த கையோடு ஒரு மாப்பிள்ளை பஸ்ஸில் ஏறிவிட்டார். பொம்பிளை சேலைக் கொசுவத்தைப் பிடித்தபடி பத்தடி தூரத்தில் வருகிறாள். விசிலண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார், ஊதினார். மாப்பிள்ளை வேலணை வரைக்கும் தனியாகத் தேனிலவு போய்த் திரும்பினார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். இன்னொரு நாள் அவருடைய சொந்தக் குடையே பஸ்ஸுக்குள் கிடந்தது. டிரைவர் ஜன்னலால் எடுத்து நீட்டுகிறார். நேரமாகிவிட்டது. குடை யாழ்ப்பாணம் போய்ப் பின்னேர பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அன்றைக்குப் பெய்த மழை முழுவதையும் விசிலண்ணை தலையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்வந்தார்.

மடத்துவெளியில் அவருடைய வீட்டுக் குசினியிலும் ஒரு விசில் இருந்தது. விறகடுப்பின் மேல் ஏறும் பழைய கேத்தில், தண்ணீர் கொதித்தால் மூக்கால் ஊதும். ஊதியதும் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருக்கும் விசிலண்ணை திடுக்கிட்டு எழும்பி, "ரைட், எடுங்கோ!" என்பார். அவருடைய மனைவி பூமணியக்கா முப்பது வருடம் அந்த அடுப்போடும் அந்தக் கேத்திலோடும் அந்த 'ரைட்'டோடும் குடும்பம் நடத்தினார்.

போன வருடம் பொங்கல் முடிந்து ஒரு கிழமை இருக்கும். நான் பஸ்ஸால் இறங்குகிறேன், பூமணியக்கா பையோடு ஏறுகிறார். கொக்குவிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பயணம். இரண்டு நாளாய் நல்ல இருமல். மிதிபலகையில் ஒரு காலை வைத்தவர் திரும்பி நின்றார். மணிக்கூட்டு முள் எட்டேகாலைத் தொட்டது. அக்கா வாயைத் திறக்க, அண்ணை விசிலை வாயில் வைத்தார்.

"இஞ்சேருங்கோ, இனி எனக்கு உந்தக் குசினியிலை நிக்க ஏலாது. எனக்கு…"

பீ……ப்!

"…ஊதாத கேத்தில் ஒண்டு வாங்கி வையுங்கோ! வாங்கின அண்டைக்குத்தான் வருவன்!"

பஸ் போய்விட்டது. விசிலண்ணை எட்டுப் பதினைந்து என்று கொப்பியில் எழுதிவிட்டுத்தான் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, நீர் கேட்டனீரோ? என்ன சொன்னவ?"

"ஊதாத கேத்தில் வேணுமாம், அண்ணை."

"அதுதான் எனக்கும் கேட்டது. உந்தக் கேத்தில் ஊதுறது அவவுக்குப் பிடிக்கேல்லை. முப்பது வருசமாச் சொல்லேல்லைப் பாரும்!"

"எதுக்கும் ஒருக்கா போன் எடுத்துக் கேளுங்கோவன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்ன சொன்னனீர் எண்டு கேட்டால், எனக்குக் கேக்கேல்லை எண்டு தெரிஞ்சிடும். இவ்வளவு காலமும் நான் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தனான் எண்டெல்லோ அவ நினைச்சிருக்கிறா."

இப்படித்தான் ஒரு சின்ன ரோசத்தில் ஒரு பெரிய தேடல் தொடங்கியது. பின்னேரம் பின்னேரம் அக்கா போன் எடுத்து "வாங்கியாச்சோ?" என்பாராம். இவர் "பாத்துக்கொண்டிருக்கிறன்" என்பாராம். அதற்கு மேல் அவரும் கேட்கமாட்டார், இவரும் சொல்லமாட்டார்.

முதலில் யாழ்ப்பாணம் போய் ஒரு கரண்ட் சாமான் கடையில் ஏறினார். கையில் சோடாப் போத்தல் நிறையத் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். தீவுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீரில் ஒழுங்காக நடக்கிற கேத்தில் சவர்த் தண்ணீரில் எப்படி நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? கடைக்காரர் ஒரு கேத்திலை எடுத்து வைத்து, தானாக நிற்கும், தொட்டால் சுடாது, அடி கழன்று வரும் என்று அடுக்கினார்.

"உதெல்லாம் இருக்கட்டும். ஊதுமோ?"

"கரண்ட் கேத்தில் எங்கை ஐயா ஊதுறது?"

போத்தல் தண்ணீரை ஊற்றிப் பிளக்கைக் குத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் 'உஸ்ஸ்' என்று இரையத் தொடங்கியது. விசிலண்ணை காதைக் கொண்டுபோய்க் கிட்ட வைத்தார்.

"இது என்ன?"

"தண்ணி இரையுது ஐயா. கொதிச்சால் அப்பிடித்தான்."

"மெல்லமா ஊதுது எண்டு சொல்லும்."

அந்தக் கடையில் ஒன்பது கேத்தில் கொதிக்கவைத்தாராம். கடைசியில் கடைக்காரர் தனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு, சோடாப் போத்தலைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, கும்பிட்டு அனுப்பினார்.

கடை சரிவரவில்லை என்றதும் விசிலண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த கேத்தில் இல்லாத கண்ணாடி அலுமாரியும் இல்லை. பெட்டியோடு வைத்திருப்பார்கள். வருகிற ஆட்களுக்குக் காட்டுவார்கள். தேத்தண்ணியை மட்டும் அடுப்பில் போடுவார்கள். பஸ்ஸுக்கும் படகுக்கும் வருகிற சனத்திடம் விசிலண்ணை சொல்லிவைத்தார்: "அலுமாரியிலை கிடக்கிறதை ஒருக்காக் கொண்டு வாங்கோ. ஊதுதோ எண்டு பாத்திட்டுத் தாறன்."

முதலில் வந்தது ஒரு ரீச்சரின் கனடாக் கேத்தில். எட்டு வருடம் கலியாணப் பொம்மைக்குப் பக்கத்தில் நின்றது. கனடாவின் கரண்ட் வேறு, நம்முடைய கரண்ட் வேறு என்பது ரீச்சருக்கும் தெரியாது, கேத்திலுக்கும் தெரியாது. விசிலண்ணை பிளக்கை எப்படியோ பொருத்தி, நேரத்தை எழுதிவிட்டு, சுவிச்சைப் போட்டார். ஒரு சிணுங்கல், ஒரு புகை, ஒரு 'டப்'. அறையில் மின்விசிறி நின்றது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டும் நின்றது.

புகைக்குள்ளிருந்து விசிலண்ணையின் குரல் வந்தது: "சத்தம் இல்லைத்தான், ரீச்சர். ஆனால் கரண்டும் இல்லை."

அடுத்தது படகில் வேலை செய்யும் கரம்பொன் அன்ரனுடையது. சுவிஸ் கேத்தில். கண்ணாடி உடம்பு. சுவிச்சைப் போட்டால் உள்ளே நீல லைட் எரியும். விசிலண்ணை மயங்கிவிட்டார். தேத்தண்ணியும் நீலமாக வருமோ என்று கொஞ்சம் பயந்தாரே தவிர, இதுதான் கேத்தில் என்று முடிவெடுத்தே விட்டார். ஆனால் தண்ணீர் கொதித்து முடிந்ததும் அது 'பீப், பீப்' என்றது.

"விசிலண்ணை, அது ஊதேல்லை. கொதிச்சிட்டுது எண்டு சொல்லுது" என்றார் அன்ரன்.

"நானும் நேரமாச்சு எண்டு சொல்லத்தானே ஊதுறனான்?"

"என்ரை மனுசியும் நாள் முழுக்கச் சத்தம்தான். அதுக்காக மாத்தேலுமோ, அண்ணை?"

எனக்கும் அழைப்பு வந்தது. என்னிடம் இருந்தது யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்கிய நாளிலிருந்து இருக்கும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கேத்தில். கடையிலிருந்ததிலேயே மலிவு. அதில் நான் தேத்தண்ணி போட்டேன், கோப்பி போட்டேன், முட்டை அவித்தேன், ஒருநாள் புத்திகெட்டுப்போய்ப் பால் காய்ச்சினேன். அடி முழுக்கச் சுண்ணாம்பு, கைபிடியில் ஒரு வெடிப்பு. சுவிச்சைப் போட்டதும் அது மேடு ஏறும் மினிபஸ்ஸைப் போல இரைந்தது. விசிலண்ணை மூடியைத் திறந்து மணந்தார்.

"தங்கச்சி, உது கேத்தில் இல்லை. கோழிக்கூடு." ஆனாலும் முகத்துக்கு நேரே திருப்பித் தர மனமில்லாமல் ஜன்னலோரத்தில் கடைசியாக வைத்தார்.

மூன்றாம் மாதம் அந்த அறையில் கேத்தில் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் விவரம் இருந்தது: 'புறப்பட்டது 8.22. கொதித்தது 8.26. ஊதியது: ஓம்.' கொதித்த தண்ணீரை என்ன செய்வது? தேயிலை வாங்கினார். கொதித்ததும் அவர் விசில் ஊதி ஊற்ற, படகுக்கு நிற்கிற சனம் வரிசையில் நின்று குடித்தது. ஒருவர் பனங்கட்டி கொண்டு வந்தார். அதைக் கடித்துக் கடித்து வெறுந்தேத்தண்ணி குடித்தபடி ஆளுக்கொரு கேத்திலுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். நெடுந்தீவு ஆட்கள் எல்லாரும் சுவிஸ் பக்கம். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார்.

நானும் சேர்ந்து சிரித்தவள்தான். ஆனால் ஒருநாள் காற்றுக் கூடிப் படகு பிந்திவிட, அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். சேர்ட்டில் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தார். மேசையில் ஒரு துண்டுப் பாணும் வாழைப்பழமும் கிடந்தன. காலைச் சாப்பாடா என்று கேட்டேன். ராத்திரிச் சாப்பாட்டின் மிச்சம் என்றார். பிறகு விசிலை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஊதாத கேத்தில் தேடுறன், தங்கச்சி. ஆனால் வீட்டிலை இப்ப ஒரு சத்தமும் இல்லை. பிழையான கேத்திலை வாங்கி வைச்சு, அவ வந்து பாத்திட்டுத் திரும்பிப் போயிட்டா எண்டால்? அதுதான் பயமாக்கிடக்கு."

எனக்குப் பதினொரு கேத்திலையும் கடலுக்குள் போட்டுவிட்டு இந்த மனிதரைக் கொண்டுபோய்க் கொக்குவிலில் இறக்கிவிட வேண்டும் போல இருந்தது.

அதற்குத் தேவை வரவில்லை. அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால், என் பக்கத்து சீற்றில் பூமணியக்கா. முகம் கடுகடுவென்று இருந்தது.

"பிள்ளை, உண்மையோ? உந்த மனிசன் இறங்குதுறையிலை தேத்தண்ணிக் கடை போட்டிருக்காம்?"

"கடை இல்லை அக்கா…"

"என்ரை குசினிக்கு ஒரு கேத்தில் வாங்க ஏலாத ஆள் ஊருக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்துறாராம்! ரெண்டிலை ஒண்டு கேட்டுத்தான் விடுவன்."

பஸ் குறிகட்டுவானில் நின்றது. அறைக்குள் ஒரு கேத்தில் இரைந்துகொண்டிருந்தது, இரண்டு தங்கள் முறைக்குக் காத்து நின்றன. அக்கா வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தார். விசிலண்ணை கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார்.

"நீர் வருவீர் எண்டு சொல்லேல்லையே… இன்னும் சரியான கேத்தில் கிடைக்கேல்லை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஊதுது."

"என்ன ஊதுது?"

"கேத்தில். நீர்தானே ஊதாத கேத்தில் கேட்டனீர்."

அக்கா அவரைப் பார்த்தார், கேத்தில்களைப் பார்த்தார், திரும்ப அவரைப் பார்த்தார். "ஐயோ, என்ரை மனிசா! நான் கேட்டது அடுப்பூதாத கேத்தில்! அடுப்பூதி ஊதிப் புகை குடிச்சு நெஞ்சு நொந்துபோய்ச் சொன்னனான். கரண்ட் கேத்தில் எண்டால் எதுவும் சரிதானே! நீங்கள் விசிலை ஊதின ஊதிலை என்ரை 'அடுப்பு' அமுங்கிப் போச்சு!"

அடுப்பு என்ற நாலு எழுத்தை விசில் விழுங்கியதால் மூன்று மாதம். தேத்தண்ணி வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. விசிலண்ணை மட்டும் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து அக்காவை இருத்தினார். ஜன்னலோரத்தில் கடைசியாகக் கிடந்த என் சிவப்புக் கேத்திலை அக்காவே எட்டி எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இது பாரமில்லை. எனக்கு இது காணும்."

"அது முட்டை மணக்குமப்பா!"

"தேசிக்காய் போட்டுக் கழுவினால் போச்சு. இனி நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ…" என்று தொடங்கினார். மூன்று மாதத்துக் கதை. மகள், பேரப்பிள்ளை, கொக்குவில் தண்ணீரின் சுவை, இவர் போனில் ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்ட பின்னேரங்கள், எல்லாம் வந்தன.

வெளியே டிரைவர் ஹோர்ன் அடித்தார். "அண்ணை, எட்டேகால் தாண்டிப் போச்சு! ஊதுங்கோ!"

விசிலண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். கை தன்னாலே கழுத்துக்குப் போனது. விசிலைக் கழற்றி சேர்ட் பைக்குள் போட்டார்.

"பொறும் தம்பி. மனுசி கதைச்சு முடிக்கட்டும்."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. அன்றைக்குக் கொப்பியில் அவர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன்: 'போன நேரம் 8.26. பிந்திய காரணம்: கதை முடியவில்லை.'

சிவப்புக் கேத்திலை நான் திருப்பிக் கேட்கவில்லை. அது மடத்துவெளிக் குசினியில் இப்போதும் இரைகிறதாம், அண்ணை இப்போதும் திடுக்கிட்டு எழும்பி "ரைட்" என்கிறாராம். எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்துவிட்டது. வந்த கையோடு நல்லதாக ஒரு கேத்தில் வாங்கினேன். அவர் தேடித் திரிந்த கேத்தில்தான், சத்தமே போடாது, கொதித்தால் 'டிக்' என்று நின்றுவிடும். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நிற்பேன். விசிலண்ணை ஊதாமல் எனக்கு ஊற்ற மனம் வருவதில்லை.