காப்பியில் விழுந்த காது

அபூ கஸ்ஸான் வீட்டு வாசற்படியில் கால் வைத்ததுமே அபூ நாயிஃபின் தலைத்துணிக்குள்ளிருந்து விசில் சத்தம் கிளம்பியது.

பின்னால் வந்த ஏழெட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள்.

"பெரியப்பா, உங்க ஃபோனா?" என்று கேட்டான் தய்ஸீர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பெண்டாட்டி ஷுரூக் கோபித்துக்கொண்டு இந்த வீட்டில், தன் அப்பா வீட்டில், வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளைத் திரும்ப அழைத்துப் போகத்தான் இந்தப் படை.

"குருவி" என்றார் அபூ நாயிஃப், துணியைக் காதுக்கு மேலே தள்ளிவிட்டபடி. விசில் நின்றது.

ஸல்ட் ஊரில் யார் வீட்டில் சண்டை என்றாலும் சமாதானம் பேசத் தலைமை தாங்கிப் போவது அபூ நாயிஃப்தான். போன இடத்தில் தோற்றுத் திரும்பியதில்லை. இரண்டு பக்கமும் கத்தி ஓயும்வரை மலை மாதிரி உட்கார்ந்திருப்பார். எல்லா வாய்களும் அசைவது நின்றதும் கையை உயர்த்தி, "நடந்தது நடந்துபோச்சு, பெரிய மனசு பண்ணுங்க" என்பார். அத்தோடு சரி, சண்டைக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். என்ன பொறுமை, என்ன நிதானம் என்று ஊரே மெச்சும்.

பொறுமையும் இல்லை, மண்ணும் இல்லை. மனிதருக்குக் காது கேட்டுப் பல வருஷம் ஆகிறது. இந்த விஷயம் தன் வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. தாண்டினால் சமாதானக் கூட்டத்தின் நடு இருக்கை போய்விடும். அந்த இருக்கை இல்லாவிட்டால் அவர் வெறும் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர்.

ஆனால் அவர் வைக்கும் டிவி சத்தத்தில் மனைவி உம்மு நாயிஃபுக்குத் தலைவலி தீரவே இல்லை. கடைசியில் மகள் ருலா அவரைத் தலைநகர் அம்மானுக்கு இழுத்துப்போய் இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கி மாட்டிவிட்டாள். பேரீச்சங்கொட்டை அளவுதான் இருந்தது, துணி மூடினால் மட்டும் விசிலடிக்கும்.

பயிற்சி கொடுத்த பெண் படித்துப் படித்துச் சொன்னாள். "கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளயே ஒருத்தரோட மட்டும் பேசிப் பழகுங்க ஹாஜி. பேப்பரைச் சத்தமா வாசிங்க. எதைக் கேட்கணும் எதை விடணும்னு உங்க மூளைக்கு மறந்துபோச்சு. கூட்டத்துக்கு மட்டும் இப்போ போயிடாதீங்க."

ஒரு நாள் பழகினார். மனைவி அடுப்படியில் தனக்குள் முணுமுணுப்பது முழுக்கத் தன்னைப் பற்றித்தான் என்பது புரிந்தது. மறுநாள் தய்ஸீர் வந்து நின்றான். கேட்காமலே ஜெயித்தவன், கேட்டால் எப்படி ஜெயிப்பேன் என்று கிளம்பிவிட்டார்.

கூடத்தில் காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். அபூ நாயிஃப் தன் கோப்பையைக் குடிக்காமல் முன்னால் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். வந்த காரியத்துக்கு வீட்டுக்காரர் சம்மதித்து, 'காப்பியைக் குடிங்க' என்று சொன்ன பிறகுதான் தலைவர் குடிப்பார். அவர் குடித்தால்தான் மற்றவர்கள் குடிக்கலாம். குடித்தால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

"உங்க பையன் என்ன பண்றான்னு கேளுங்க" என்று ஆரம்பித்தார் அபூ கஸ்ஸான். "என் பொண்ணு வேர்த்து விறுவிறுத்து மன்ஸஃப் கறிச்சோறு சமைக்கிறா. இவன் வீடியோ கால் போட்டு, தட்டை அவங்க அம்மாகிட்ட காட்டி, 'தயிர்க் குழம்பு பதமா இருக்காம்மா? சாப்பிடலாமா?'ன்னு அனுமதி கேட்கிறான்."

அபூ நாயிஃப் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

சமாதானக் கூட்டத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அபூ கஸ்ஸானின் மூக்கு சிவந்தது. "உங்களுக்குச் சிரிப்பா இருக்கு?"

இந்தச் சனியன் சத்தத்தைக் குறைத்தால் போதும் என்று அபூ நாயிஃப் தலைத்துணிக்குள் விரலை விட்டு மிஷினை அமுக்கினார். கூடிவிட்டது. உள்ளே ஓடிய ஃப்ரிட்ஜ் லாரி மாதிரி உறுமியது. யாரோ ஜபமாலை உருட்டியது கல்மழையாக விழுந்தது. தன் குரலே இடிபோல் கேட்டதால் பயந்துபோய், "நடந்தது நடந்துபோச்சு" என்று கிசுகிசுத்தார்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டார் தய்ஸீரின் சித்தப்பா, காதில் கையை வைத்துக்கொண்டு.

"தெரியல. ஏதோ ஓதறார்" என்றான் தய்ஸீர்.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து வீட்டுக்கார அம்மாள் உம்மு கஸ்ஸானின் குரல் அபூ நாயிஃபுக்கு மட்டும் கூர்மையாகக் கேட்டது. "குழம்பு எப்படிப் பதமா வரும்? அவன் அம்மாக்காரி குடுத்தனுப்பின காய்ஞ்ச தயிர்க்கட்டியில பாதி மாவு."

"மாவு கலந்தா என்ன உம்மு கஸ்ஸான், ராத்திரியே ஊறப் போட்டிருந்தா சரியாயிருக்கும்" என்று திரையைப் பார்த்துப் பதில் சொன்னார் அபூ நாயிஃப்.

பெண்கள் உள்ளே பேசிக்கொள்வதற்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளை பதில் சொல்வதாவது.

"என் வீட்டுல ஒட்டுக் கேட்கவா வந்தீங்க?" என்று எழுந்தார் அபூ கஸ்ஸான்.

"எங்க அண்ணி மாவு கலக்குறாங்கன்னு யார் சொன்னது?" என்று எழுந்தார் சித்தப்பா.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அபூ நாயிஃப்மேல் பாய்ந்தன. பழையபடி செவிடாகிவிடுவதே மேல் என்று வலது காது மிஷினைப் பிடுங்கினார். அது விரலிலிருந்து வழுக்கி, நேராகக் காப்பியில் விழுந்தது.

கோப்பைக்குள்ளிருந்து குமிழி வந்தது. காப்பி ஊற்றுபவர் கெண்டியோடு குனிந்தார்.

"ஆறிப்போச்சு ஹாஜி, கொட்டிட்டு வேற ஊத்தறேன்."

அவர் கை கோப்பையை நெருங்கியது. கொட்டினால் மானம் போச்சு. அபூ நாயிஃப் கோப்பையைப் பறித்து ஒரே மடக்காகக் குடித்தார். மிஷினைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டார்.

தலைவர் குடித்ததைப் பார்த்தவர்கள் என்ன செய்வார்கள்? ஏழெட்டுக் கோப்பைகளும் சேர்ந்தாற்போல் காலியாயின.

"நல்லபடியா முடிஞ்சுது" என்று மீசையைத் துடைத்தார் சித்தப்பா.

"எங்கய்யா முடிஞ்சுது? நான் குடிங்கன்னு சொல்லவே இல்லையே" என்று அலறினார் அபூ கஸ்ஸான். "பதில் சொல்லுங்க அபூ நாயிஃப்."

வாயைத் திறந்தால் காது வெளியே வந்துவிடும். அபூ நாயிஃப் திறக்கவில்லை. இடது காதில் ஒவ்வொரு வசவும் தெளிவாக விழ, மலை மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அபூ கஸ்ஸானுக்குக் கத்தல் குறைந்து புலம்பல் வந்தது. "பொண்ணு ராவெல்லாம் அழறா. அவ அம்மா என்னைப் போட்டுப் பிடுங்கறா. நான் என்ன பண்ணுவேன்? கல்யாணமான புதுசுல நானும் எங்கம்மாகிட்ட கேட்டுத்தான் சாப்பிட்டேன்..."

உள்ளே ஒரு பாத்திரம் தரையில் விழுந்தது. அபூ கஸ்ஸான் உட்கார்ந்துவிட்டார்.

"சரி, குடிச்சது குடிச்சாச்சு. கூட்டிட்டுப் போங்க. ஆனா சாப்பிடற நேரத்துல அவன் ஃபோன் என் பொண்ணு கையில இருக்கணும்."

தய்ஸீர் உடனே ஃபோனை எடுத்து நீட்டினான். திரை விலகியது. ஷுரூக் கையில் பெட்டியோடு வந்தாள். அது முன்னாலேயே கட்டி வைத்த பெட்டி. அபூ நாயிஃப் வாய் திறவாமல் கையை உயர்த்தி எல்லாரையும் வாழ்த்தினார். நெஞ்சு நிறைந்துபோயிற்று. ரகசியமும் பிழைத்தது, இருக்கையும் பிழைத்தது.

வெளியே வந்து, மற்றவர்களை முன்னால் போகவிட்டு, மிஷினைக் கைக்குட்டையில் துப்பித் துடைத்தார். பக்கத்து ஜன்னலுக்குள்ளிருந்து உம்மு கஸ்ஸான் தன் தங்கையிடம் பேசுவது இடது காதில் விழுந்தது.

"போச்சுடி, அந்த மனுஷனுக்குக் காது கேட்க ஆரம்பிச்சிருச்சு. சுத்தச் செவிடு, ஒரு விஷயமும் வெளிய போகாதுன்னுதானே ஊரே அவர் ஒருத்தரை மட்டும் நடுவுல உட்கார வெச்சுச்சு?"