விசாரணை முடியாத சினிமாக்கொட்டகை

திருவிதாங்கூர் சமஸ்தானம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் சினிமாவை அவ்வளவு சந்தேகப்பட்ட ஒரு மனிதர் கிடைத்திருக்கமாட்டார். அவ்வளவு சினிமா பார்த்த ஒரு மனிதரும் கிடைத்திருக்கமாட்டார். இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாக எங்கள் சர்க்கார் கச்சேரியில், எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் அது எந்தக் கச்சேரி என்று நான் சொல்லப் போவதில்லை. ஓய்வூதியம் வாங்குகிறவன் சில விஷயங்களில் வாயை அடக்கவேண்டும். அவருடைய பெயரும் வேண்டாம். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது வழங்கியதில்லை. ஊருக்கு அவர் மகஸர்.

மகஸர் என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். வரப்புத் தகராறு, தென்னை வெட்டு, கிணற்றில் விழுந்த மாடு, எதுவானாலும் கச்சேரியிலிருந்து ஓர் ஆள் அந்த இடத்துக்குப் போவார். கண்ணால் கண்டதை மட்டும் வரிசை நம்பர் போட்டு எழுதுவார். பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குவார். அந்தத் தாள்தான் மகஸர். முப்பது வருடம் அதை எழுதி எழுதி நம்மவருக்குக் கண் அப்படிப் பழகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை போட்ட முடிச்சுகளை எண்ணிவிட்டுத்தான் அட்சதை தூவுவார்.

அப்படிப்பட்டவர் கண்முன்னே, சந்தைக்கு மேற்கே தரிசாகக் கிடந்த மேட்டில், நாகர்கோவில்காரர் ஒருவர் கூடாரக் கொட்டகை போட்டுச் சினிமா காட்ட ஆரம்பித்தார்.

முதலில் வந்தது பேசாத படம். ஒரு பெண் கையில் வாளோடு குதிரை ஏறி, ஆற்றைக் கடந்து, எதிரியின் கோட்டைக்குள் குதிப்பாள். ஊர் விசில் அடித்தது. மறுநாள் காலையில் மகஸர் குடையை மடக்கி வைப்பதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"ஓய், எனக்கொரு சம்சயம்."

சந்தேகத்தைச் சம்சயம் என்று மலையாளத்தில்தான் சொல்லுவார். தமிழில் சொன்னால் அதற்குப் போதிய கனம் இல்லை என்பது அவர் எண்ணம்.

"அந்தப் பெண்ணு ஆத்துல எறங்கும்போ குதிரைக்கு நெத்தியில வெள்ளைச் சுட்டி உண்டு. கரையேறும்போ இல்ல."

"தண்ணியில அழிஞ்சிருக்கும் அண்ணே."

"சுட்டி அழியுமா ஓய்? அது வேற குதிரையாக்கும். அப்போ மொதக் குதிரை எங்கே? ஆத்தோட போச்சா? போச்சுன்னா அதைப் பத்தி ஒருத்தனும் ஒரு வார்த்தை பேசல்லியே, ஏன்?"

"பேசாத படம்லா அண்ணே."

"அது அவனுகளுக்கு வசதியாப் போச்சு."

இவ்வளவோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவேண்டியதில்லை. மடித்த தாள் ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். படத்துக்கு மகஸர் எழுதியிருந்தார். ஒன்று முதல் பதினாலு வரை. கீழே சாட்சிக் கையெழுத்து இரண்டு. அவருக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் மணலில் உட்கார்ந்து படம் பார்த்த பாவப்பட்டவர்கள் போட்டது.

சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட தாத்தாவுக்காகப் பேரன் கோர்ட்டுக்கு நடந்த கதை எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று உண்டு. அதனால் இரண்டாவது வாரமே அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கொட்டகையில் எள் விழ இடமில்லாத நாளிலும், திரைக்கு நேர் எதிரே ஒரு பாய் விரிக்கும் அளவு மணல் காலியாகக் கிடக்கும். நடுவில் மகஸர், மடியில் தாள், காதில் பென்சில்.

கொட்டகைக்காரர் இவரைத் திருவனந்தபுரத்திலிருந்து வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று முடிவு செய்து, ஒரு நாள் தலைவாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, மணல்ல இருக்காண்டாம். நாற்காலி போட்டிருக்கு."

"எதுக்காக்கும் எனக்கு மாத்திரம் நாற்காலி?"

"மரியாதைக்கு ஐயா."

"நான் டிக்கெட் எடுத்தது தரைக்கு. தரைக்காரனை நாற்காலியில ஏத்துதீருன்னா, மணல்ல நான் பாக்கக்கூடாதது என்னமோ உண்டு."

அன்று படம் தொடங்கும்வரை மணலைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பேசும் படங்கள் வந்ததும் அவருடைய சந்தேகத்துக்குக் காது முளைத்தது. ஒரு புராணப் படத்தில், தவத்தை மெச்சிய ராஜா கதாநாயகனுக்குப் பெண்ணையும் பாதி ராஜ்யத்தையும் கொடுக்கிறார். எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். மகஸர் ராஜ்யத்தைப் பார்த்தார்.

"எந்தப் பாதி ஓய்? கெழக்குப் பாதியா, மேக்குப் பாதியா? நாலு எல்லை சொல்லல்ல. மேக்குப் பாதின்னா கடல் அரிக்கும், பொழியூர்ல பாக்கலியா? கெழக்குன்னா அம்பூரி மாதிரி மலை, காடு. இவன் ஒண்ணும் கேக்காம தலையாட்டிட்டு நிக்கான். நாளைக்கு இவன் மகனும் ராஜா மகனும் வெட்டிக்கிட்டுச் சாவாங்க. அது நடக்கப்பட்ட படத்தை எவனும் எடுக்க மாட்டான்."

கடல் படம் ஒன்று வந்தபோது பொழியூரிலிருந்து ஒரு மீன்பிடிக்காரரையே கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தார். திரையில் புயல். கதாநாயகி படகில் கதறுகிறாள். பொழியூர்க்காரர் கையை முகவாயில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது குளமாக்கும்" என்றார். மகஸருக்கு அன்று வந்த சந்தோஷத்தை அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

பாம்புப் படத்துக்குக் கொல்லயில் என்ற ஊரிலிருந்து விஷவைத்தியர் வந்தார். பாம்பு கடித்த கதாநாயகன் கீழே சாய்ந்தபடி பாட ஆரம்பித்தான். விஷம் ஏறின ஆளுக்கு இவ்வளவு மூச்சு எங்கிருந்து வருகிறது என்பது மகஸரின் சந்தேகம். அதைத் தொழில் தெரிந்தவர் வாயால் சொல்லவைத்து எழுதவேண்டும். வைத்தியரோ இரண்டாவது அடி வருவதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"எலே, படுக்க விடாதீங்கலே! தலையைத் தூக்கிப் பிடி! கடிவாய்க்கு மேல கட்டு போடுலே, பாடுதான் பாரு, பாவி!"

நாலு பேர் சேர்ந்து அவரை உட்காரவைத்தார்கள். கதாநாயகன் செத்ததும் வைத்தியர் தேம்பித் தேம்பி அழுதார். மகஸர் வெறுப்போடு பென்சிலைக் காதில் செருகினார்.

"அழுதா கண்ணு மறைக்கும்" என்றார் என்னிடம், மறுநாள். "கண்ணு மறைஞ்சா மகஸர் எழுத ஒக்காது. சினிமாக்காரனுக்கு இது தெரியும். அழவச்சிட்டு அந்த நேரத்துல குதிரையை மாத்துதான்."

இதெல்லாம் பைத்தியம் என்று தள்ளிவிடலாம் என்று நினைத்திருந்தபோது அவர் ஒரு முறை சரியாகவும் இருந்து தொலைத்தார். ஒரு குடும்பப் படத்தில் மாமியார் செத்து, சடங்கு முடிந்து, அடுத்த காட்சியில் அதே மாமியார் தலையைச் சொறிந்துகொண்டு மருமகளைத் திட்டினாள். ஆவி வந்துவிட்டது என்று கொட்டகை கை தட்டியது. மகஸர் மட்டும் எழுந்து நின்றார்.

"தாளு மாறிப் போச்சு! அஞ்சாவது தாளை மூணாவதா வச்சிருக்கான்!"

"இரும் ஓய், ஆவி பேசுது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கொட்டகை எஞ்சின் நின்றது. படம் ஓட்டுகிறவர் வெளியே வந்து, படச்சுருள் இடம் மாறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். ஊர் நன்றியோடு நடந்துகொண்டதாக நினைக்கவேண்டாம். நல்ல ஆவிப் படத்தைக் கெடுத்தவர் என்று ஒரு மாதம் திட்டினார்கள்.

எனக்கும் அவர்மேல் ஒரு சந்தேகம் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் நாலு தடவை போவார். கேட்டால் "மறு ஆய்வு" என்பார். மறு ஆய்வுக்குப் போகிறவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஏன் திரும்பவேண்டும்? இதை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை. சாட்சி இல்லை.

இந்த நிலையில்தான் கொட்டகைமேல் மனு வந்தது. பெரிய வீட்டுக் காரணவர், அதாவது குடும்பத் தலைவர், ஒருவர் கொடுத்தது. கொட்டகை வந்த நாள்முதல் தம் வீட்டில் இரவுச் சோறு நேரத்துக்கு வேகவில்லை, தென்னை ஏறுகிறவன் உச்சியிலிருந்து பாடுகிறான், மருமகள் திரையில் பார்த்த மாதிரி கொண்டை போடுகிறாள், ஆகவே கொட்டகையை அகற்றவேண்டும். தாசில்தார் அதன் ஓரத்தில் ஒரு வரி எழுதினார்: நேரில் பார்த்து மகஸர் தயாரிக்கவும். அனுப்ப வேறு யார் இருக்கிறார்கள்?

கொட்டகைக்காரர் என் வீட்டுக்கு வந்து கண்ணீர் விட்டார். "சார், அவரு எழுதினா நான் கூடாரத்தைச் சுருட்ட வேண்டியதுதான்."

எனக்கும் அதே பயம். மாலையில் மகஸரைப் பிடித்தேன்.

"அண்ணே, நீங்க கண்டதை எல்லாம் எழுதினா கொட்டகையைப் பிரிச்சிருவாங்க. பொறவு சாயங்காலம் நீங்க எங்கே போவீங்க?"

மகஸர் பேனாவை மூடி வைத்தார்.

"போக ஒரு எடமும் இல்ல" என்றார். "அதுக்காகக் கண்டதை எழுதாம இருக்க ஒக்குமா ஓய்?"

நாலாவது நாள் தாள் தாசில்தாரின் மேஜைக்கு வந்தது. தாசில்தார் வாய்விட்டுப் படித்தார். குதிரை காணவில்லை. பாதி ராஜ்யத்துக்கு எல்லை இல்லை. கடல் என்று காட்டியது குளம். விஷம் ஏறியவன் பாடினான். செத்த மாமியார் பேசினாள். நாற்பத்திரண்டு உருப்படிகள். படிக்கப் படிக்கக் காரணவரின் முகம் மலர்ந்தது, கொட்டகைக்காரரின் முகம் வெளிறியது. கடைசிப் பத்தியில் தாசில்தார் நின்றுவிட்டார்.

"இது எந்தாடோ?" என்றார்.

அதில் இருந்தது இதுதான்: மேற்கண்ட உருப்படிகள் யாவும் சந்தேகத்துக்குரியவை. ஆனால் படங்கள் வாரந்தோறும் மாறுவதால் ஒரே பார்வையில் தீர்மானத்துக்கு வர இயலவில்லை. தொடர்ந்து பார்த்தே முடிவு சொல்லமுடியும். ஆகையால் விசாரணை முடியும்வரை அந்த இடத்தில் ஒரு குச்சியைக்கூடப் பிடுங்காமல் இப்போதுள்ளபடியே வைத்திருக்க உத்தரவாகவேண்டும்.

விசாரணையில் இருக்கும் இடத்தின் நிலையை மாற்றக்கூடாது என்பது எங்கள் கச்சேரியில் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரிந்த விதி. தாசில்தார் விதிக்குக் கட்டுப்பட்டவர். கையெழுத்துப் போட்டார்.

"பாத்தீரா ஓய்" என்றார் மகஸர் வெளியே வந்ததும். "ஒரு வரி கூட்டல்ல, ஒரு வரி கொறைக்கல்ல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தொடர் மகஸர் கோப்பில் ஏறியது. ஒரு விதி மட்டும் பாக்கி இருந்தது. மூன்று மாதம் ஒரு தாளும் சேராத கோப்பு முடிந்ததாகக் கருதப்படும். காரணவரும் கச்சேரி வாசல் மிதித்தவர். அவருக்கும் அது தெரியும்.

நாலாவது வருடம் மழையில் மகஸர் வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கொல்லயில் வீட்டில் படுக்கை. வாரங்கள் போயின, கோப்பு அப்படியே கிடந்தது. காரணவர் தினம் ஒருதரம் கச்சேரிப் பக்கம் வந்து நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று மாதம் நிறைய நாலே நாள் இருக்கும்போது நான் மகஸரைப் பார்க்கப் போனேன். நலமா என்று கேட்க விடவில்லை.

"யாரு எழுதுதா?"

"யாரும் இல்ல அண்ணே."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் நான் தாசில்தாரிடம் பொறுப்பை எழுதி வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அவருடைய இடத்தில், மணலில் உட்கார்ந்தேன். மடியில் தாளை வைத்ததும் சுற்றிலும் இருந்தவர்கள் ஒரு பாய் அளவு விலகிக்கொண்டார்கள். சாட்சிக்கு வைத்தியரும் பொழியூர்க்காரரும் தாமாகவே வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பிரிந்துபோன அண்ணனும் தம்பியும் கடைசியில் சேரும் படம் அது.

எழுதிய தாளைக் கச்சேரிக்குக் கொண்டுபோகும் முன் கொல்லயிலுக்குக் கொண்டுபோய் அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். தம்பியின் சட்டையில் பொத்தான் எண்ணிக்கை மாறுகிறது, ஜன்னலுக்கு வெளியே பகல், வாசலுக்கு வெளியே இரவு, இப்படி ஆறு உருப்படி.

"ஆறு தானா?" என்றார். அதுவரை என்னை ஓய் என்றே கூப்பிட்டு வந்தவர், "மக்கா, நீ ஒழுங்காப் பாக்கல்ல" என்றார். "அழுதுட்டு இருந்திருப்ப."

அவருடைய சந்தேகம் அன்றும் சரியாகத்தான் இருந்தது. அந்தப் படத்தில் நான் ஒரு குறையும் காணவில்லை. ஆறையும் அவருக்காக நானே உண்டாக்கினேன்.