சைனா சித்தப்பாவின் மொழிபெயர்ப்பு

சீன மொழி தெரிந்தவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல், அதைச் சரளமாகத் தமிழில் மொழிபெயர்க்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் அபுதாபி முசஃபாவில், எங்கள் ரூமில், எனக்குக் கீழ்க் கட்டிலில் படுத்திருந்தார்.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வெல்டர். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. ரூமில் வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் சித்தப்பா. 'சைனா' என்கிற பட்டம் பிறகு வந்தது. அதற்குக் காரணம் ஒரு மணல்காற்று.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. நான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டைம்கீப்பராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் அடித்த காற்றில் மொட்டைமாடி டிஷ் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. தமிழ்ச் சானல்கள் அத்தனையும் போய், ஒரே ஒரு சீனச் சானல் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. அதில் தினமும் மாலையில் ஒரு தொடர். தரையில் நடப்பதையே கேவலமாக நினைக்கிற மனிதர்கள் அதில் இருந்தார்கள். பட்டு அங்கி புரள, மூங்கில் உச்சியில் நின்றுகொண்டு சண்டை போட்டார்கள். ஒருவர் உள்ளங்கையை நீட்டினால் எதிர்வீட்டுக் கூரை பறந்தது. ஒரு நரி திடீரென்று பெண்ணாக மாறியது. ஒரு தடியன், உலகமே அழிந்தாலும் கவலையில்லாமல் கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு எழவும் புரியல, அணைங்கடா" என்றான் பாண்டி. பரமக்குடிக்காரன், பெயின்டர், எதையும் லேசில் நம்பாதவன்.

"புரியலையா? தெளிவாத்தானல பேசுதான்" என்றார் சித்தப்பா, கட்டிலில் சாய்ந்தபடியே. "அந்த வெள்ளைத்தாடிதான் வாத்தியார். பய ஊருக்குப் போக லீவு கேக்கான். ரெண்டு வருசம் முடியாம லீவு மாஃபி, கிடையாதுங்காரு."

திரையில் அந்தப் பையன் சட்டென்று மண்டியிட்டான்.

"பாத்தியா, கால்ல விழுந்துட்டான்!"

ரூமே உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகு அந்த டிவியை அணைக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

சித்தப்பா வெறுமனே கதை சொல்லவில்லை, ஆளுக்கொரு குரலில் பேசினார். விசிறி வைத்திருந்த வில்லனுக்கு மூக்கால் பேசினார். கதாநாயகிக்கு அவர் கொடுத்த கீச்சுக்குரல், அந்த மீசைக்குக் கீழேயிருந்துதான் வருகிறதா என்று நான் எட்டிப் பார்த்ததுண்டு. கதையில் எல்லாப் பிரச்சினையும் எங்களுக்குத் தெரிந்த பிரச்சினைகள்தான். விசிறிக்காரன், கதாநாயகனின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தராத கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி. ராஜா அனுப்பிய மஞ்சள் சுருளைச் சேவகன் பிரித்து வாசித்தால், "விசா கேன்சல்!" இரண்டு பெண்கள் வாளோடு ஆகாயத்தில் மோதிக்கொண்டால், "கல்யாணத்துக்கு நேர்ல வந்து பத்திரிகை வைக்கலையாம். சும்மா விடுவாளா?"

பக்கத்து ரூம்களிலிருந்தும் கூட்டம் சேர்ந்தது. பாகிஸ்தான்காரரான பட்டாணி டிரைவர் ஒருவர் தவறாமல் வருவார். அவருக்குச் சீனமும் தெரியாது, தமிழும் தெரியாது. ஆனாலும் சித்தப்பா பேசினால்தான் கதை புரிகிறது என்று அடித்துச் சொன்னார்.

ஒரு வழியாக டிஷ் ரிப்பேர்காரன் ஏணியோடு வந்து சேர்ந்தான். எங்களுக்கு இருந்தது ஒரே டிவி, ஒரே டிஷ். பாண்டிதான் முதலில் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"பாய், டச் மாஃபி! கலாஸ், ஜாவோ!" என்று டிஷ்ஷைத் தொடவிடாமல் விரட்டினான்.

"தமிழ்ச் சானல் வேண்டாமா?" என்று இந்தியில் கேட்டான் அவன்.

"இதான் தமிழ்ச் சானல்!" என்றான் பாண்டி.

சோதனை வேறு வடிவத்தில் வந்தது. பக்கத்து கேம்ப்பில் ஒரு சீன ஃபோர்மேன் இருந்தார். எதற்கும் 'ஹாவ், ஹாவ்' என்று தலையாட்டுவதால் அவர் எங்களுக்கு ஹாவ் அண்ணன். தன் ஊர்த் தொடர் எங்கள் ரூமில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு பை ஆரஞ்சோடு வந்து உட்கார்ந்துவிட்டார். சித்தப்பாவுக்கு வியர்த்தது.

அன்றைக்கு வாத்தியாரும் கதாநாயகனும் நேருக்கு நேர் நின்று உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இனி இந்த ஜென்மத்துல உன்னைப் பாப்பனாடா, மகனே" என்று சித்தப்பா தழுதழுக்க, பட்டாணி டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹாவ் அண்ணனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாண்டி விடுவானா? என்ன விஷயம் என்று சைகையில் கேட்டான். ஹாவ் அண்ணன் எழுந்து இரண்டு கைகளையும் இறக்கையாக மடித்து அடித்துக் காட்டினார். 'கொக்கரக்கோ' என்று கூவினார். பிறகு எதையோ அங்கிக்குள் திருடி ஒளிப்பதாக நடித்தார்.

"சித்தப்பா, கோழியக் களவாண்டதுக்கு வாத்தியார் திட்டுறாராம்!"

ரூமே சித்தப்பாவைப் பார்த்தது. அவர் ஒரு ஆரஞ்சை நிதானமாக உரித்தார்.

"இவரு வடக்கத்திச் சைனாக்காரருல்ல. படத்துல பேசுதது தெக்கத்திச் சைனா. அவருக்கு எப்படிப் புரியும்?"

அந்தப் பதிலுக்கே நாங்கள் கைதட்டினோம். ஹாவ் அண்ணனும் எதற்கென்று தெரியாமல் தட்டினார். அன்றிலிருந்து அவரும் எங்கள் ரூம்காரர் ஆகிவிட்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் கொப்புளம், அனலாகக் காய்ச்சல். மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்று வராண்டாக் கடைசியில் இருந்த சின்ன அறையில் என்னைத் தனியாகப் படுக்கவைத்தார் கேம்ப் பாஸ். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. உடம்பைக் காரணம் காட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்திருந்தது. வீட்டுக்குப் போனில் சொல்லவும் பயம். சுவரைப் பார்த்தபடி அழுதுகொண்டு கிடந்தேன்.

சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. அதனால் கஞ்சியும் இளநீரும் அவர்தான் உள்ளே கொண்டுவந்தார். ரோட்டோர வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்ததற்காக ஒரு வாட்ச்மேனிடம் அரபியில் திட்டு வாங்கினார். அதையும் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: "தம்பி சீக்கிரம் குணமாவட்டும்ங்காரு."

இரண்டாம் நாள் மாலை, கதவுக்கு வெளியே பாய் விரிக்கிற சத்தம். ரூமிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, டிவியை வராண்டாவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஏசி இல்லாத வராண்டா, ஜூலை மாதம். எல்லோரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில் தெரிந்த கால்களிலேயே தெரிந்தது.

"தம்பி, கேக்குதா? நம்ம பயலை விசிறிக்காரன் விஷ ஊசியால அடிச்சிட்டான். உன்னை மாதிரியே மேலெல்லாம் கொப்புளம்."

"ஐயோ, பிழைப்பானா சித்தப்பா?"

"பொறு. வாத்தியார் மூலிகை எடுக்கப் பனிமலைக்குப் பறந்துருக்காரு."

டொக், டொக், டொக் என்று டிவியிலிருந்து சத்தம் வந்தது.

"என்ன சித்தப்பா சத்தம்?"

"மருந்து இடிக்காவ."

தினமும் கேட்டேன். ஒரு நாள் மூலிகை கிடைத்தது. ஒரு நாள் கொப்புளம் காய்ந்தது. ஊரே வாத்தியார் வீட்டு வாசலில் கூடி நிற்கிறது என்றார். உண்மையாகவே பெருங்கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. திடீரென்று ஹாவ் அண்ணன் "ஹாவ்!" என்று அலறினார்.

"அவர் ஏன் கத்துறாரு?"

"பய கண்ணைத் தொறந்துட்டாம்லா! தழும்புகூட இல்ல. வேலையிலயும் திரும்பச் சேத்துக்கிட்டாங்க."

அன்று முதல்முறையாக எனக்குப் பசித்தது. கஞ்சி போதவில்லை என்று இன்னொரு கிண்ணம் கேட்டேன். வெளியே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பாண்டியாகத்தான் இருக்கும்.

குளித்து, டாக்டர் சீட்டோடு டூட்டிக்குத் திரும்பினேன். யாரும் என்னை எங்கேயும் அனுப்பவில்லை. முதல் வேலையாகப் பாண்டியிடம், "அந்த விஷ ஊசி சீன் எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன். அவன் முழித்தான்.

"விஷ ஊசியா? நீ படுத்தன்னைக்கே சீரியலை நிறுத்திட்டான்டா. வாரம் பூரா டேபிள் டென்னிஸ்தான் ஓடுச்சு. அந்தப் பந்தைப் பாத்துக்கிட்டே சித்தப்பா உனக்குக் கதை சொன்னாரு. யாராச்சும் சிரிச்சா மண்டைய உடைச்சுருவேன்னு எங்களுக்கு மிரட்டல் வேற."

நேராகச் சித்தப்பாவிடம் போனேன். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, டேபிள் டென்னிஸாமே?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுலயும் ரெண்டு பேரு சண்டைதானல போட்டாவ?"

எங்கள் ரூமில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அன்று மாலை டீ நான் போட்டேன். அவருடைய கிளாஸில் மட்டும் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.