கருவாட்டுக்கு ஒரு சோகக் கதை

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரம். அதன்பின் சற்று இளைப்பாறிவிட்டு, நேராக இணையத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த மாபெரும் பயணத்தில் எழுவைதீவு மட்டும் பின்தங்கி நிற்பதைப் பொறுக்கமாட்டாமல், ‘கரையோர எண்ணிம எழுச்சித் திட்டம்’ ஒரு நாள் காலைப் படகில் வந்து இறங்கியது. மீனை வைக்கத் தீவுக்கு ஐஸ் வரவில்லை. இறங்குதுறைக்குக் கூரை வரவில்லை. அவையெல்லாம் சென்ற நூற்றாண்டின் தேவைகள்.

எழுச்சி பெறுவதற்கு ஜசிந்தா தெரிவுசெய்யப்பட்டாள். கணவன் யாக்கோப்பு பிடித்துவரும் மீனில் விலைப்படாததைக் கருவாடாக்கி, கைத்தொலைபேசியில் படமெடுத்து, தெரிந்தவர்களுக்கு அனுப்பி விற்றுக்கொண்டிருந்தவள் அவள். வாங்கியவர்கள் அழைப்பெடுத்து உப்புக் கூடிப்போச்சு என்று ஏசுவார்கள். ஏசி முடிந்ததும் இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லுவார்கள். மனிதர் மனிதரோடு பேசி வியாபாரம் செய்யும் இந்தக் காட்டுமிராண்டி வழக்கத்துக்கு முடிவு கட்டவே பட்டணத்திலிருந்து சுலக்சன் வந்தான். அவன் வலைத்தள வடிவமைப்பாளன். கூடவே திட்ட இணைப்பாளர் பவதாரணி மிஸ்சும் வந்தா.

கோயில் மண்டபத்தில் மடிக்கணினி திறக்கப்பட்டது. திரையில், பனி மலையிலிருந்து விழும் ஆற்றில் ஒரு சிவந்த மீன் துள்ளியது.

“தம்பி, இது எந்தக் கடல் மீன்?” என்று கேட்டாள் ஜசிந்தா.

“சல்மன் அக்கா. நல்ல வடிவான மீன்.”

“எங்கட கட்டாவும் வடிவுதானே?”

“கட்டா படத்திலை எடுபடாது அக்கா.”

கட்டாவின் சார்பில் அவள் வெட்கப்பட்டாள். அடுத்து, கருவாடு செல்லக்கூடிய நாடுகள் வந்தன. கனடா, நோர்வே, சுவிஸ், பிரான்ஸ். இலங்கையைக் காணவில்லை.

“இஞ்சை பக்கத்திலை, ஊர்காவற்றுறையிலை ஒராள் வாங்கோணுமெண்டால்?”

சுலக்சன் பொறுமையாக விளக்கினான். “அவைக்குக் கனடாவிலை சொந்தக்காரர் இருப்பினம்தானே. அவையைக் கொண்டு ஓடர் பண்ணலாம்.”

பிறகு சுலக்சன் அடுத்த பக்கத்தைத் தட்டினான். ‘எங்கள் கதை’ என்ற பக்கம் வெறுமையாகத் திறந்திருந்தது.

“அக்கா, கருவாட்டை ஒருத்தரும் வாங்கிறேல்லை. கதையைத்தான் வாங்கிறவை. சொல்லுங்கோ, உங்களுக்கு என்ன நடந்தது?”

இத்தனை வயதுக்குள் யாரும் ஜசிந்தாவிடம் இப்படிக் கேட்டதில்லை. உள்ளே எங்கேயோ சுருண்டு கிடந்த ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அவள் சொன்னாள். பெரிய படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போனதைச் சொன்னாள். மீன் வாங்கும் முதலாளி சொன்ன விலைக்குக் கொடுக்காவிட்டால் மீன் கரையிலேயே நாறுவதைச் சொன்னாள். காற்று எழும்பிப் படகு ஓடாத நாளில் காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடல் தணியக் காத்திருந்ததைச் சொன்னாள். சுலக்சனின் விரல்கள் விசைப்பலகைமேல் அசையாமல் இருந்தன.

“அது இஞ்சை எல்லாருக்கும் நடக்கிறதுதானே அக்கா. உங்களுக்கெண்டு விசேஷமா ஒண்டும் இல்லையோ?”

பவதாரணி மிஸ் குரலைத் தாழ்த்தினா. “உங்கட அவர்...?”

“வெளியிலை இருந்து அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார் மிஸ்.”

இருவர் முகமும் வாடிப்போனது. ஆனால் எழுச்சி இப்படியான சிறு தடைகளுக்கு அஞ்சுவதில்லை.

படப்பிடிப்பு கடற்கரையில் நடந்தது. ஒரு பெண்ணின் தனிமையைக் காட்டப் போதிய வெளிச்சம் வேண்டுமாம். வெள்ளை மட்டையைச் சாய்த்துப் பிடித்து அந்த வெளிச்சத்தை வழங்கும் பொறுப்பு, படத்துக்குள் வராத தூரத்தில் நின்ற யாக்கோப்புக்குக் கொடுக்கப்பட்டது. அவன் பக்குவமாகப் பிடித்தான்.

“சிரிக்காதேங்கோ அக்கா. தூரக் கடலைப் பாருங்கோ. ஒராள் வரவேணும், இன்னும் வரேல்லை எண்டு நினையுங்கோ.”

அதை அவள் நினைத்துப்பார்க்க வேண்டியதில்லை. விடியும்வரை ஒவ்வொரு நாளும் அவளுக்குள் நடப்பது அதுதான். அந்தக் கரையில் எந்தப் பெண்ணும் கடலுக்குப் போகிறவனிடம் எப்போது வருவாய் என்று கேட்பதில்லை. அவளும் கேட்டதில்லை. அந்தப் பயத்துக்கு அவள் ஒருநாளும் சொல் கொடுத்ததில்லை. சொல் கொடுத்தால் கடலுக்குக் கேட்டுவிடும். யாருக்கும் காட்டாத அது இப்போது, கேட்டதும், கூச்சமில்லாமல் அவள் முகத்துக்கு ஏறி வந்தது.

“சுப்பர் அக்கா! அப்பிடியே இருங்கோ!”

தளத்துக்குக் ‘கண்ணீர்க் கடல்’ என்று பெயரிட்டார்கள். திறப்பு விழாவில் திரையில் அவளுடைய முகம் வந்தது. கீழே ஒரு வரி: ‘கணவரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கருவாட்டோடு போராடும் வீரப் பெண்.’ ஜசிந்தா திடுக்கிட்டாள். எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் கையை உயர்த்தி அவளுக்குப் பழக்கமில்லை.

தளம் மகத்தான வெற்றி பெற்றது. உலகின் குளிர்ந்த நகரங்களிலிருந்தெல்லாம் தமிழ் நெஞ்சங்கள் உருகின. ‘ஆழ்ந்த அனுதாபங்கள் சகோதரி. நெத்தலி இரண்டு கிலோ, தலை நீக்கியது.’ ‘இந்த இழப்பைத் தாங்கும் சக்தியை ஆண்டவர் தருவாராக. போனமுறை கட்டா கொஞ்சம் ஈரம்.’

சனிக்கிழமை பூசைக்குப் புதிய சுவாமியாரை ஏற்றிவர யாக்கோப்புதான் ஊர்காவற்றுறைக்குப் படகு கொண்டுபோனான். பாதிக் கடலில் கேட்டான்.

“இண்டைக்கு ஆருக்குச் சுவாமி பூசை?”

“ஆரோ யாக்கோப்பு எண்டு. கடலிலை தவறினவராம். மனுசி கருவாடு விக்கிறவவாம். நோர்வேயிலை இருக்கிற உங்கட ஊர்ச் சங்கம் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்குடுக்கச் சொன்னது. நீர் ஆளை அறிஞ்சனீரோ?”

யாக்கோப்பு இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தான்.

“பழக்கம்தான் சுவாமி.”

“எப்பிடி ஆள்?”

“பிழையில்லை. கொஞ்சம் முன்கோபம்.”

வீட்டுக்கு வந்தவன் வாசலிலேயே நின்று சிரித்தான். “இஞ்சரும், எனக்குப் பூசை வந்திருக்கு. அந்த வெள்ளைச் சேர்ட்டை எடுத்துத் தாரும்.”

கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்து, தன் ஆன்மா இளைப்பாறவேண்டும் என்று மற்றவர்களைவிடச் சத்தமாகவே மன்றாடினான். ஊர் முழுவதும் சிரிப்பை அடக்க முக்காட்டையும் கைலேஞ்சியையும் வாயில் திணித்தது. பூசை முடிந்தபின் உண்மையை அறிந்த சுவாமியார், ஒப்புக்கொடுத்தது ஒப்புக்கொடுத்ததுதான் என்றார். ஜசிந்தாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்று பின்னேரம் அவன் படகைத் தள்ளியபோது, கயிற்றை அவிழ்க்க வந்த அவளுடைய கை அதை விடவில்லை. அவள் ஒருநாளும் சொல்லாததை உலகம் படத்தோடு உரக்கச் சொல்லிவிட்டது. கடலுக்குக் கேட்டிருக்கும்.

“என்னப்பா, விடுமன்,” என்றான் அவன். விட்டாள்.

அடுத்த நாள் அவன் கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான், சிக்னல் கிடைக்கும் இறங்குதுறைக்குப் போய்ச் சுலக்சனுக்கு அழைப்பெடுத்தாள்.

“தம்பி, அவர் உயிரோடை இருக்கிறார் எண்டு அதிலை போடும்.”

“செத்துப்போனார் எண்டு நாங்கள் எழுதேல்லையே அக்கா. கடலுக்குக் குடுத்தது எண்டுதானே கிடக்கு. ஒவ்வொரு நாளும் குடுக்கிறனீங்கள்தானே?”

“பூசையும் வைச்சாச்சு.”

“அதுதான் அக்கா ‘ரீச்’!”

தொலைபேசி பவதாரணி மிஸ்சின் கைக்கு மாறியது. “ஜசிந்தா, உயிரோடை எண்டு போட்டால் தளம் விழுந்திடும். நடுவாலை ஒண்டு செய்வமே? குடிகாரர் எண்டு போடுவம்.”

“அவர் குடிக்கிறேல்லை மிஸ்.”

“விட்டிட்டுப் போட்டார்?”

“இப்பதான் சோறு போட்டுக் குடுத்தனான்.”

“சரி, பாரிசவாதம்? படுக்கையிலை எண்டால் உயிரும் இருக்கும்.”

“மிஸ்,” என்றாள் ஜசிந்தா. தன் குரல் நடுங்காமல் இருந்தது அவளுக்கே புதினமாயிருந்தது. “அவர் கடலுக்குப் போறவர். எனக்கு ஒவ்வொரு நாளும் பயம். அந்த வரி அங்கை நிக்கேக்கை என்னாலை அவரை அனுப்ப ஏலாது. நீங்கள் அதை எடுக்காட்டி நான் கருவாடு தரமாட்டன்.”

அந்தப் பயத்தை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. கருவாடு இல்லாத கருவாட்டுத் தளம் பற்றித் திட்ட வழிகாட்டலில் எதுவும் இருக்கவில்லை.

வரி மாறியது. யாக்கோப்பு ஒரு கட்டாவைத் தூக்கிப் பிடித்துப் பல் தெரியச் சிரிக்கும் படத்தின் கீழே, ஜசிந்தா சொல்லச் சொல்ல எழுதியது: ‘இவர் பிடிக்கிறார். நான் காயவைக்கிறேன். இருவரும் சுகம்.’

தமிழ் நெஞ்சங்கள் கொதித்தெழுந்தன. ‘நாங்கள் அழுததெல்லாம் வீணா?’ ‘உயிரோடிருக்கும் புருசனை வைத்துக்கொண்டு கருவாடு விற்க வெட்கமில்லையா?’ யாக்கோப்பு செத்ததை அவ்வளவு நிதானமாகத் தாங்கிக்கொண்டவர்களால், அவன் சாகாததை மட்டும் தாங்க முடியவில்லை. ஓடர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஜசிந்தா பழையபடி விடியும்வரை கடலைப் பார்த்துப் பயந்தாள். ஆனால் அது இப்போது அவளுடைய பயம்.

திட்டத்தின் நிறைவு விழா ஊர்காவற்றுறையில் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. ஜசிந்தாவையும் யாக்கோப்பையும் முன்வரிசைக் கதிரைகளில் இருத்தினார்கள். பவதாரணி மிஸ் மேடையேறி, திரையைப் பார்த்து, சபைக்குரிய குரலில் வாசித்தா.

“எழுவைதீவுக் கருவாட்டுத் தளம். வடிவமைப்பு: மிகச் சிறப்பு. பொருளின் தரம்: மிகச் சிறப்பு. பெறுபேறு: தோல்வி. தோல்விக்கான காரணம்: பயனாளியின் கணவர் தொடர்ந்தும் உயிருடன் இருக்கின்றமை.”

சபை முழுவதும் திரும்பி யாக்கோப்பைப் பார்த்தது. அவன் தன்னையறியாமல் எழுந்து நின்றான்.

“பரிந்துரை,” என்று மிஸ் தொடர்ந்தா. “எதிர்வரும் திட்டங்களில் இவ்வாறான குறைபாடுகள் முன்கூட்டியே நிவர்த்தி செய்யப்பட வேண்டும்.”