எனக்கு மட்டும் தெரிந்த மொழி

இனி என்னை எவனாலும் வேலையை விட்டுத் தூக்க முடியாது என்று சபதம் போட்டேன். ஆபீஸில் அந்த மாதம் மட்டும் ஆறு பேர் அட்டைப்பெட்டியோடு லிஃப்டில் இறங்கியிருந்தார்கள்.

ராத்தூக்கம் போய் ஒரு திட்டம் வந்தது. கம்பெனி வெப்சைட்டையும் மொபைல் ஆப்பையும் கணக்குச் சூத்திரம்போல எழுதும் ஃபங்ஷனல் ப்ரோகிராமிங் மொழி ஒன்றில் புதிதாக எழுதிவிட்டேன். பக்கமெல்லாம் பறந்தது. நடுவில் படுத்துக்கொள்ளும் பேச்சே இல்லை. நடக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதாவிட்டால், எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் ஓடவே விடாது, மாமியாரைவிடக் கறார். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த மொழி ஆபீஸில் வேறு ஒருத்தருக்கும் தெரியாது. கற்றுக்கொள்ள வந்தவனிடம், "உனக்கெல்லாம் வராதுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆனால் பெருமையை யாரிடமாவது பீற்றிக்கொள்ள வேண்டாமா? மனைவி இருந்தாள். மகள் பிறக்கும்வரை அவளுக்கும் இதே தொழில்தான். தினமும் சாயங்காலம் அவள் துணி மடிப்பாள், நான் வரிவரியாக விளக்குவேன்.

"எல்லாம் சரிங்க. உங்களையே தூக்கிட்டா?"

"அது நடக்காதுடி."

"நடக்கக்கூடியதை எழுதாம விட்டா கம்பைலர் திட்டும்னீங்களே?"

"அது ப்ரோகிராம். இது வாழ்க்கை."

"ஓஹோ!" என்றபடி என் பனியனை மடித்தாள்.

நாலு மாதம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். "நாளைக்கு நீங்க பஸ்ல அடிபட்டா இதை யார் சார் பார்ப்பாங்க? ஒருத்தருக்காவது சொல்லிக் கொடுங்கன்னு மூணு தடவை கேட்டாச்சு." பஸ் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அன்றே எனக்கும் ஒரு அட்டைப்பெட்டி. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. காலையில் ஷூ மாட்டிக் கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு, ஆறு மணிக்குக் களைத்த முகத்தோடு திரும்பினேன். நடிக்கவே தேவையில்லை, முகம் தானாகச் செத்துக் கிடந்தது.

பதினோராம் நாள் காலை, அவள் பையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"உங்க ஆபீஸுக்கு. போன வாரம் போன் வந்துச்சு. நீங்க அடையாள அட்டையைத் திருப்பித் தரலையாம்."

கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தேன்.

"நீங்க எழுதினதை இப்ப யார் பாக்கறாங்கன்னு மேனேஜரைக் கேட்டேன். ஆளே இல்லைன்னு அழாத குறை. எனக்குத் தெரியும்னேன். ரெண்டு மணி நேரம் குடைஞ்சு எடுத்தார். மத்தவங்களுக்கும் சொல்லித் தர்றேன்னு சொன்னதும் வேலையைக் கொடுத்துட்டார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி!"

"நீங்க சொன்னீங்களா?" அவள் குரல் உடைந்தது. "பத்து நாளா அந்த மூஞ்சியையும் சட்டைப்பையில நூலகச் சீட்டையும் பாத்துக்கிட்டே சாப்பாடு போட்டேன். நெஞ்சு வெந்து போச்சுங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை இழுத்து மூடினாள்.

"பாப்பாவை ஸ்கூல்ல விட்டுடுங்க. உங்க நூலகம் பத்து மணிக்குத்தானே திறக்கும்?"